ஊரை விட்டு வந்தவர்களின் பந்தி

மும்பைக்கு வருகிறேன் என்று யார் போன் செய்தாலும், எத்தனை வேளைச் சாப்பாட்டுக்கு இங்கே இருப்பீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். கேட்வே ஆஃப் இந்தியாவையும் மரீன் டிரைவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சாப்பாட்டுக்குத்தான் கூட ஒரு ஆள் வேண்டும். வருகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் ஒரு பட்டியல் இருக்கிறது. செல்போனில் வீடியோ பார்த்துக் குறித்துக்கொண்டது. அதில் பாதிக் கடைகளுக்கு நான் கூட்டிப்போவதில்லை. பக்கத்து ஆபீஸ் குமாஸ்தாவும் எதிர்க்கடைப் பையனும் வாரத்தில் நாலு நாளாவது வந்து சாப்பிடுகிற இடமாக இருக்க வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான்.

அதற்குக் காரணம் உண்டு. இந்த நகரத்தின் பழைய சாப்பாட்டுக் கடைகளில் பெரும்பாலானவை, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பிழைக்க வந்தவர்களுக்காக, அப்படியே வந்த இன்னொருவர் திறந்தவை. ஒற்றை அறையில் பத்துப் பேர் ஷிப்டுக்கு ஷிப்டு பாய் மாற்றிப் படுத்த காலத்தில் அடுப்பு வைக்க இடமேது? கொங்கணத்து மில் தொழிலாளி, உடுப்பிப் பக்கத்துப் பையன், யஸ்த் நகரத்து ஈரானி, சிந்துவிலிருந்து வந்த அகதி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறிய நம் ஆட்கள் என்று ஒவ்வொருவரும் தன் ஊர்ச் சாப்பாட்டை ஏதோ ஒரு தெருவில் நிலைநிறுத்திவிட்டார்கள். அந்தத் தெருக்களைப் பார்க்காமல் திரும்பிப் போனவர்கள் மும்பையைப் பார்த்ததாக நான் ஒப்புக்கொள்வதில்லை.

முதல் நாள் காலை ஈரானிக் கடை. வேறு பேச்சே கிடையாது. தோபி தலாவில், மெட்ரோ தியேட்டருக்கு எதிரே உள்ள பழைய கட்டடத்தில் இருக்கிறது கியானி அண்ட் கோ. 1904-இல் தொடங்கியது. வளைந்த முதுகுள்ள மர நாற்காலிகள், கட்டம் போட்ட மேசை விரிப்புகள், கண்ணாடி அலமாரிகளில் காரி பிஸ்கட்டும் மாவா கேக்கும். பன் மஸ்கா சொல்லுங்கள். பன்னைக் குறுக்கே அறுத்து வெண்ணெயைத் தாராளமாகத் தடவித் தருவார்கள். கெட்டியான, இனிப்புத் தூக்கலான டீயில் தோய்த்துத் தின்ன வேண்டும். மேல்தோல் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் புருன் மஸ்கா. பாளையங்கோட்டையிலிருந்து வந்த என் சித்தி, “வெறும் பன்னும் வெண்ணெயும் திங்கவா இம்புட்டு தூரம் கூட்டியாந்தே?” என்று கேட்டாள். இரண்டாவது பன்னையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

பாரசீகத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்து சேர்ந்த ஜொராஸ்டிரியர்களின் கடைகள் இவை. தெருமுனைக் கடை ராசியில்லை என்று மற்ற வியாபாரிகள் ஒதுக்கிய இடங்களை இவர்கள் எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அதனால்தான் பல ஈரானிக் கடைகளில் இரண்டு தெருக்களின் வெளிச்சமும் காற்றும் உள்ளே வருகின்றன. இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் என்று யார் வந்தாலும் ஒரே மேசை. ஒரு டீயை வைத்துக்கொண்டு பேப்பர் படித்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் கேட்க மாட்டார்கள். உட்கார வீட்டில் இடமில்லாதவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! இன்று இந்தக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

மதியத்துக்கு பல்லார்ட் எஸ்டேட் நடந்து போகலாம். துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கல்கட்டடத் தெருக்களில் 1923 முதல் இருக்கிறது பிரிட்டானியா. இதுவும் ஈரானியர் கடைதான். ஆபீஸ்காரர்களை நம்பி நடக்கிற கடை என்பதால் அதன் உயிர் மதியச் சாப்பாட்டில் இருக்கிறது. பெர்ரி புலாவ் சொல்லுங்கள். ஈரானிலிருந்து வரும் சிவந்த, புளிப்பான சிறு பழங்களைச் சோற்றின் மேல் தூவி, அடியில் ஆட்டுக்கறியோ கோழியோ வைத்துத் தருவார்கள். நம் பிரியாணிக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாயில் காரம் போதாது என்று தோன்றும். அந்தப் பழம் பல்லில் அகப்பட்டு உடையும்போது விளங்கிவிடும். கூடவே பல்லோன்ஜி ராஸ்பெர்ரி சோடா. 1865-இல் தொடங்கிய கம்பெனியின் சரக்கு. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும் மேசை மேசையாக வந்து விசாரித்துக்கொண்டிருந்த போமன் கோஹினூர் 2019-இல் காலமானார். அவருடைய மனைவி ஈரானில் இருந்தபோது கற்றுக்கொண்டு வந்து கடையில் சேர்த்ததுதான் இந்தப் புலாவ். விலை கொஞ்சம் அதிகம். ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம்.

பல்லார்ட் எஸ்டேட்டுக்குப் போகுமுன் முடிந்தால் பதினொன்றரை மணிவாக்கில் சர்ச்கேட் ஸ்டேஷன் வாசலில் நில்லுங்கள். வெள்ளைத் தொப்பி போட்ட டப்பாவாலாக்கள் ரயிலிலிருந்து இறக்கிய சாப்பாட்டு டப்பாக்களை நடைபாதையில் பரப்பி, மூடியில் எழுதிய குறிகளைப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். 1890-இல் மகாதேவ் ஹாவாஜி பச்சே தொடங்கிய ஏற்பாடு இது. வீட்டுச் சமையல் கிடைப்பவர்களுக்கு டப்பா, கிடைக்காதவர்களுக்கு ஓட்டல் என்று இரண்டும் ஒன்றாகவே வளர்ந்தன.

இனி மில் பகுதி. பரேல், லால்பாக், வொர்லி என்று விரிகிற இந்த வட்டாரத்துக்கு கிரண்காவ் என்று பெயர். கொங்கணத்துக் கிராமங்களிலிருந்து வந்த ஆண்கள் மில்லில் தறி ஓட்டினார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு இரண்டு வேளை சோறு போட்டவர்கள் பெண்கள். கானாவள் என்று அழைக்கப்பட்ட அந்தச் சாப்பாட்டுக்கூடங்களில் பலவும் ஒரு பெண், ஒரு அறை, ஒரு அடுப்பு என்ற அளவிலேயே நடந்தன. இந்தப் பெண்கள் கந்துவட்டியில் சிக்கித் தவித்ததைக் கண்டு, பிரேமா புராவ் 1975-இல் அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற அமைப்பைத் தொடங்கி அவர்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க வழிசெய்தார். 1982-இல் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலான மில்கள் எழுந்திருக்கவே இல்லை. ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று பெரிய மால் நிற்கிறது. அதன் குளிரூட்டிய உணவகங்களுக்குப் போக விரும்புகிறவர்களை நான் தடுப்பதில்லை, கூடப் போவதுமில்லை.

அந்தத் தொழிலாளிகள் தின்ற சாப்பாடு எங்கும் போய்விடவில்லை. மால்வணி ஓட்டல்களில் அது இருக்கிறது. தாதரில் சிந்துதுர்க், கோமந்தக் என்று கொங்கணத்தின் பெயர்களைத் தாங்கிய ஓட்டல்களைத் தேடிப் போங்கள். நம்மில் கடற்கரை ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் இங்கே சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி உணர்வார்கள். சுர்மை என்றால் நம் வஞ்சிரம். ரவையில் புரட்டி வறுத்திருப்பார்கள். பொம்பில் என்கிற மென்மையான மீனை நசுக்கித் தண்ணீரை எடுத்துவிட்டு வறுப்பார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். இதைச் சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கோழிக்குழம்பும் பூரி போல உப்பும் வடேயும் சேர்ந்த கோம்ப்டி வடே, தேங்காய் அரைத்த மட்டிக் குழம்பு, கடைசியில் கொக்கம்புளியும் தேங்காய்ப்பாலும் கலந்த சோல் கடி. ரசம் குடிக்கிற நமக்கு அந்த இளஞ்சிவப்புச் சோல் கடியை யாரும் விளக்க வேண்டியதில்லை. மும்பையில் ஒரே ஒரு அசைவச் சாப்பாடு சாப்பிட நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால், பிரிட்டானியாவையும் விட்டுவிட்டு இங்கேதான் அனுப்புவேன்.

சைவக்காரர்களுக்கும் தாதரிலேயே வழி இருக்கிறது. சிவாஜி பார்க் பக்கம் பிரகாஷ் என்ற சின்ன ஓட்டலில் ஜவ்வரிசி வடையும், மோரும் ஸ்ரீகண்டும் கலந்த பியூஷ் என்ற பானமும் கிடைக்கும். சேனா பவனுக்கு எதிரே ஆஸ்வாத். அங்கே மிசல், தாலிபீட் என்கிற அடை, கொத்தமல்லி வடி. முளைகட்டிய பயறுக் குழம்பின் மேல் மிக்சரைக் கொட்டிப் பாவ் என்ற ரொட்டியோடு தருகிற மிசலில் காரம் நிஜமாகவே காரம். மராட்டியர் சமையல் என்றால் இனிப்பு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது ஒன்று போதும்.

தாதர் ஸ்டேஷன் வரை வந்துவிட்டு வடா பாவ் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1966-இல் இந்த ஸ்டேஷன் வாசலில் அசோக் வைத்யா என்பவர் கடை போட்டு, உருளைக்கிழங்கு வடையைப் பாவுக்குள் வைத்து விற்றார். ரயிலைவிட்டு இறங்கி மில்லுக்கு ஓடுகிற தொழிலாளி நின்றபடி, நடந்தபடி சாப்பிடலாம். கையும் ஒட்டாது, காசும் அதிகமில்லை. அதே 1966-இல்தான் சிவசேனா தொடங்கப்பட்டது. மராட்டியர் வேலைகளைத் தென்னிந்தியர் பறித்துக்கொண்டார்கள் என்ற முழக்கத்தோடு உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. மராட்டிய இளைஞர்கள் சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்று வடா பாவ் கடைகளை அந்தக் கட்சி ஊக்குவித்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த நாட்களைப் பற்றித் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். கடைச் சண்டையாகத் தெரிந்தாலும் அது ஊர் யாருடையது என்ற சண்டை. இன்று மாட்டுங்கா தமிழ்ப் பிள்ளைகள் மாலையில் வடா பாவ் தின்கிறார்கள், மராட்டியக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை தோசைக்கு வரிசையில் நிற்கின்றன. இரண்டையும் பார்த்து வளர்ந்த எனக்கு இதைவிட நிறைவு தருகிற காட்சி இந்த நகரத்தில் வேறில்லை.

எங்கே சாப்பிடலாம்? எண்ணெய்ச் சட்டி தொடர்ந்து கொதித்துக்கொண்டிருக்கிற எந்த வண்டியும் நல்ல வண்டிதான். பிரபாதேவியில் கீர்த்தி கல்லூரிச் சந்தில் இருக்கிற கடையில் வடையோடு பொரிந்த மாவுத் தூளையும் பாவுக்குள் வைத்துத் தருவார்கள். பூண்டும் மிளகாயும் இடித்த உலர்ந்த சட்னியைக் கொஞ்சம் தாராளமாகவே கேளுங்கள்.

இப்போது மாட்டுங்கா. நம் ஊரிலிருந்து வருகிறவர்கள், “மும்பைக்கு வந்தும் இட்லி தோசையா?” என்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. மூன்றாம் நாள் அவர்களே சோறு எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். அப்போது கூட்டிப்போவேன்.

1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்குக்குப் பிறகு, நெருக்கடியைக் குறைக்க நகரத்தை வடக்கே விரித்தார்கள். தாதர், மாட்டுங்கா, சயான் வரை அகலமான தெருக்களும் மரங்களும் மனைகளும் வந்தன. ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் கணக்கெழுத வந்த தமிழர்களும் பாலக்காட்டுக்காரர்களும் இங்கே குடியேறினார்கள். கோவில், பஜனை சமாஜம், பள்ளிக்கூடம், பூக்கடை, வாழையிலை, காபிக்கொட்டை வறுக்கும் கடை எல்லாம் தொடர்ந்தன. ஆனால் இவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் அதிகமும் உடுப்பிப் பக்கத்துக் கன்னடர்கள். சிறுவனாகப் பம்பாய் வந்து சமையலறைகளில் எடுபிடி வேலை பார்த்த ஏ. ராம நாயக், 1942-இல் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் உடிப்பி ஸ்ரீகிருஷ்ண போர்டிங்கைத் தொடங்கினார். இன்றும் மாடி ஏறிப் போய், சீட்டு வாங்கிக்கொண்டு, காத்திருந்துதான் சாப்பிட வேண்டும். வாழையிலைச் சாப்பாடு கேளுங்கள். இரண்டு மூன்று காய்கறி, சாம்பார், ரசம், தயிர், அப்பளம்; எதுவும் ஆர்ப்பாட்டமாக இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் குஜராத்தி வியாபாரியாக இருப்பார், எதிரே மராட்டிய மாணவர். எல்லாரும் ரசத்தைச் சோற்றில் குழிசெய்து ஊற்றக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

மும்பையின் மற்ற பகுதிகளில் உடுப்பி ஓட்டல் சாம்பாரில் வெல்லம் தூக்கலாக இருக்கும். நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். அது கெட்டுப்போன சாம்பார் அல்ல, இன்னொரு ஊரின் சாம்பார். அதை அப்படியே ருசித்துப் பார்க்கச் சொல்வேன். மாட்டுங்காவில் இந்தத் தொந்தரவு குறைவு.

காலை டிபனுக்கு இரண்டு கடைகள். ஸ்டேஷன் பக்கம் ராம் ஆஸ்ரயா. இங்கே கேசரியை ஷீரா என்பார்கள், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பழத்தில். கிங்ஸ் சர்க்கிளில் 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ். ரசவடையும் பொடி இட்லியும் ராகி தோசையும் அங்கே எனக்குப் பிடித்தவை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். வார நாள் காலை எட்டு மணிக்குள் போனால் உடனே இடம் கிடைக்கும். சாப்பிட்டு முடித்து இரண்டு தெரு நடந்தால் மைசூர் கன்சர்ன் கடையின் காபிப்பொடி வாசனை எதிர்கொண்டு அழைக்கும்.

ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. மாட்டுங்கா குமாஸ்தாக்களின் தமிழகம் என்றால் தாராவி தோல் பதனிட்டவர்களின், சுமை தூக்கியவர்களின் தமிழகம். மும்பைத் தெருக்களில் காலையில் ஹாரனை அமுக்கிக்கொண்டு அலுமினியப் பாத்திரங்களோடு சைக்கிளில் வருகிற இட்லிக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் தாராவித் தமிழர்கள். வீட்டுப் பெண்கள் இரவில் மாவாட்டி விடியுமுன் அவித்து எடுத்துத் தர, ஆண்கள் நகரத்தின் நாலு மூலைக்கும் கொண்டுபோகிறார்கள். கஃபே மெட்ராஸ் வாசலில் நிற்கிற வரிசைக்குக் கிடைக்கிற புகழில் ஒரு துளியும் இவர்களுக்குக் கிடைத்ததில்லை. கிண்ணத்தில் தேங்காய்ச் சட்னியை ஊற்றித் தரும் அந்த இட்லியைத் தெருவில் கண்டால் நிறுத்தி வாங்குங்கள். தமிழில் பேசுங்கள். எந்த ஊர் என்று அவர்கள் கேட்பார்கள். அந்தப் பேச்சுக்காகவே நான் பல தடவை நிறுத்தியிருக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முகமது அலி ரோடு. ரமலான் மாதத்தில் மினாரா மசூதியைச் சுற்றிய தெருக்களில் கூட்டம் நெரியும். மற்ற மாதங்களில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதால் அதையே நான் விரும்புவேன். பெண்டி பஜாரில் 1923 முதல் இருக்கும் நூர் முகமதியின் நல்லி நிஹாரிதான் முதல் வேலை. எலும்பின் ஊன் கரைந்து குழம்போடு சேர்ந்துவிடும் வரை நிதானமாக வேகவைத்தது. காலையில் உழைக்கப் போகிறவனுக்கு நாள் முழுதும் தாங்க வேண்டும் என்று பிறந்த உணவு இது என்பார்கள். ஓவியர் எம். எஃப். ஹுசைனுக்குப் பிடித்த கடை. சுலைமான் உஸ்மானின் மண் சட்டியில் உறைந்த ஃபிர்னி என்ற பால் இனிப்பு அதற்குப் பின். இன்னும் இடமிருந்தால் போரி மொஹல்லாவில் தாஜ் ஐஸ்கிரீம். 1887-லிருந்து இயங்குகிறது, மரத்தொட்டியில் பனிக்கட்டியும் உப்பும் போட்டுக் கையால் சுற்றிச் செய்கிறார்கள். சீத்தாப்பழம் கிடைக்கிற பருவத்தில் வந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

கல்பாதேவியின் துணிக்கடைச் சந்துகளுக்குள் 1945-இல் தொடங்கிய தாக்கர் போஜனாலயாவும் குடும்பத்தைப் பிரிந்து வந்த குஜராத்திகளுக்குச் சோறு போட்ட இடம்தான். ஃபுல்கா தட்டில் தீரும் முன்னே அடுத்தது விழும். குளிர்காலமாக இருந்தால் உந்தியு என்ற காய்கறிக் கூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பசியோடு போக வேண்டும். சித்தி மாதிரி பன் மஸ்கா தின்றுவிட்டுப் போகக் கூடாது.

நேரம் இருப்பவர்களுக்கு ஹார்பர் லைன் பக்கம் ஒரு நாள். 1947-க்குப் பிறகு ராணுவக் கொட்டகைகளில் குடியமர்த்தப்பட்ட அகதிகளின் பகுதிகள் இவை. சயானில் குருகிருபாவின் சமோசாவும் சோலேயும். பக்கத்திலேயே குரு தேக் பகதூர் நகர். பழைய பெயர் கோலிவாடா. மீனவர்கள் கொண்டுவந்த இறாலைப் பஞ்சாபி அகதிகள் தங்கள் மசாலாவில் தோய்த்துப் பொரித்ததுதான் இன்று நாடு முழுக்க ‘கோலிவாடா’ என்று மெனுவில் இருக்கிறது என்பார்கள். செம்பூர் கேம்பில் விக் ரெஃப்ரெஷ்மென்ட்ஸ் கடையின் தால் பக்வான். மொறுமொறுப்பான தட்டையை உடைத்துக் கடலைப்பருப்பில் தொட்டுத் தின்கிற சிந்திகளின் காலை உணவு அது, ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். அங்கேயே ஜாமா கடையில் குலாப் ஜாமூன் சூடாகக் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் லோக்கல் ரயிலிலேயே போகலாம். காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை தெற்கு நோக்கியும், மாலை ஐந்தரைக்கு மேல் வடக்கு நோக்கியும் ஏறாதீர்கள், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பும் நாள் காலை கிராண்ட் ரோடு ஸ்டேஷன் எதிரே பி. மெர்வான் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். 1914-இல் தொடங்கிய ஈரானிக் கடை. அதன் மாவா கேக் விடிந்த சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஆகவே ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். ரயிலுக்கு வடா பாவ் கட்டிக்கொண்டு போகாதீர்கள், பாவ் ஊறிவிடும். தாலிபீட்டும் லால்பாக் சிவ்டாச் சந்தில் வாங்கிய அவல் மிக்சரும் ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும்.